மக்களில்லா மாமன்றம்!

புணே மாநகராட்சிக்கு 2026 ஜனவரி 15-ஆம் தேதி தேர்தல் நடந்தது. 41 வார்டுகளிலிருந்து 165 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மகாராஷ்டிரத்தின் 29 மாநகராட்சிகளுக்கும் அன்றுதான் வாக்குப்பதிவு. எந்தப் பவார் எந்தப் பவாருடன் சேர்ந்தார், தாக்கரே சகோதரர்கள் கைகோத்ததால் மும்பையில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாமல் போன செய்தி ஒன்று உண்டு. புணேயின் முந்தைய மாமன்றம் பதவிக்காலம் முடிந்து கலைந்தது 2022 மார்ச் 14-இல். இடைப்பட்ட மூன்று ஆண்டு பத்து மாதங்களும், மும்பைக்கு அடுத்த மகாராஷ்டிரத்தின் பெருநகரில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லை.

மாமன்றம் கலைந்த மறுநாளே மாநகராட்சி ஆணையர் நிர்வாகி ஆனார். சட்டப்படி ஆணையர் வரவு - செலவுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும்; நிலைக்குழு அதைப் பரிசீலித்துத் திருத்த வேண்டும்; மாமன்றம் விவாதித்து நிறைவேற்ற வேண்டும். நிர்வாகியின் ஆட்சியில் இந்த மூன்று வேலையையும் ஒருவரே செய்தார். தாமே எழுதி, தாமே திருத்தி, தாமே ஒப்புதல் தந்தார். 2023-24-ஆம் ஆண்டுக்கு ரூ. 9,515 கோடி, 2024-25-க்கு ரூ. 11,601 கோடி, 2025-26-க்கு ரூ. 12,618 கோடி. இத்தனை ஆயிரம் கோடி ரூபாயில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று எழுந்து நின்று கேட்க அவையில் யாரும் இருக்கவில்லை. அவையே இருக்கவில்லை.

இதில் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. புணேயில் மட்டுமல்ல, சென்னையிலும் கோவையிலும் உண்டு. மாமன்ற உறுப்பினர் என்றாலே ஒப்பந்ததாரரின் பங்காளி, கட்டடத்துக்குக் கட்டடம் கை நீட்டுபவர் என்கிற எண்ணம் படித்த நடுத்தர வர்க்கத்தின் மனதில் ஆழப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணம் முழுவதும் தவறு என்று வாதிடுவதும் கடினம். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் தடையில்லாமல் வேலை பார்த்தால் ஊர் உருப்படும் என்பது அவர்கள் கட்சி. அந்த வாதம் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். "சீனாவைப் பாருங்கள்!"

பார்க்கத்தான் வேண்டும். ஆனால், சீனாவைப் பார்ப்பதற்கு முன்னால் புணேயின் தென்மேற்கு மூலையைப் பார்த்துவிடுவது நல்லது.

2021 ஜூன் 30-இல் புணேயைச் சுற்றியிருந்த 23 கிராமங்கள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. வாகோலி, மாஞ்சரி, சூஸ், மாளுங்கே, தேசியப் பாதுகாப்பு அகாதெமி இருக்கும் கடக்வாஸ்லா, அதையொட்டிய நாந்தேட், கிர்கட்வாடி எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். பரப்பளவில் மும்பையையே புணே விஞ்சிவிட்டது என்று பெருமையோடு சொல்லப்பட்டது. இணைந்த நாளிலிருந்து அந்த ஊர்களின் ஊராட்சிகள் இல்லாமல் போயின. மறு வருடமே மாநகராட்சித் தேர்தல் வரும், மாமன்றத்தில் இடம் கிடைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. தேர்தல் வரவில்லை. ஊராட்சித் தலைவரும் போய், மாமன்ற உறுப்பினரும் வராமல், ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் அந்த ஊர்கள் இரண்டும்கெட்டான் நிலையில் இருந்தன. வரி மட்டும் மாநகராட்சி வரி.

2025 ஜனவரியில் புணேயில் கில்லன்-பாரே எனும் நரம்பு நோய் பரவியது. கை கால்கள் மரத்து, நடை தளர்ந்து, முற்றிய நிலையில் மூச்சு விடவே கருவியின் துணை தேவைப்படும் நோய் அது. 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். மத்திய அரசு ஏழு பேர் கொண்ட நிபுணர் குழுவை அனுப்பியது. நோயாளிகளின் விலாசங்களை வரைபடத்தில் குறித்தபோது, பெருமளவு சிங்கட் சாலைப் பகுதியிலேயே குவிந்தன. நாந்தேட், கிர்கட்வாடி, கடக்வாஸ்லா. 2021-இல் இணைக்கப்பட்ட அதே ஊர்கள். நோயாளிகள் சிலரின் மாதிரிகளில் கேம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியா காணப்பட்டது. மாசுபட்ட நீரின் மீது ஐயம் விழுந்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல், நாந்தேட் கிணற்று நீர் குளோரின் மட்டும் கலந்து வீடுகளுக்கு அனுப்பப்பட்டுவந்தது அப்போதுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அணை கண்ணெதிரே இருக்கிறது; குடிக்கக் கிணற்று நீர்!

மாமன்ற உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் நோய் வந்தே இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால், எங்கள் குழாயில் வருவது சுத்திகரித்த நீரா என்று மாதாமாதம் கூட்டத்தில் எழுந்து கத்துவதற்கு ஒருவர் இருந்திருப்பார். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு அதே தெருவுக்கு வர வேண்டுமே என்கிற அச்சம் அவரைக் கத்த வைத்திருக்கும். ஆணையருக்கு அந்த அச்சம் கிடையாது. இரண்டு ஆண்டில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர் அவர். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. அது அவர் வேலையின் இயல்பு.

புணேக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1897-இல் பிளேக் பரவியபோது டபிள்யூ.சி. ராண்ட் என்கிற அதிகாரியின் தலைமையில் தனிக்குழு அமைத்து, சிப்பாய்களை வீடு வீடாகச் சோதனைக்கு அனுப்பியது ஆங்கிலேய அரசு. நோயைத் தடுக்கும் நடவடிக்கை எப்படி மக்களின் வெறுப்பாக மாறியது, ராண்டின் கதை ஜூன் 22-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் எப்படி முடிந்தது என்பது வரலாறு. அதற்கும் முன்பு, 1880-இல் வைஸ்ராய் லிட்டன் வருகைக்காக நகரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் செலவிட நகராட்சி முனைந்தபோது, ஏழைகளின் கல்விக்குச் செலவிடலாமே என்று எதிர்த்தவர் ஜோதிராவ் புலே. அன்று அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கூட அல்லர், நியமன உறுப்பினர்தான். எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. அந்த ஒரு வாக்குக்குக்கூட 2022-க்கும் 2026-க்கும் இடையில் புணேயில் இடமில்லாமல் போனது.

இனி சீனாவைப் பார்க்கலாம். பத்து நாளில் ஆயிரம் படுக்கை மருத்துவமனையை வூஹானில் கட்டிக் காட்டியது சீனா என்பது உண்மை. அதே வூஹானில் புதிய தொற்றைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்த லீ வென்லியாங்கை 2020 ஜனவரி 3-இல் காவல் துறை அழைத்துக் கண்டித்து எழுதி வாங்கியது என்பதும், அடுத்த மாதம் அதே தொற்றுக்கு அவர் பலியானார் என்பதும் உண்மை. கட்டுவதில் காட்டிய வேகம் கேட்பதில் இல்லை.

புணேயோடு ஒப்பிட வூஹானைவிடப் பொருத்தமான ஊர் ஹாங்காங். அங்கே 18 மாவட்ட மன்றங்கள் உள்ளன. குப்பை, நடைபாதை, பேருந்து நிறுத்தம் என்று நம்முடைய வார்டு அளவிலான வேலைகளைப் பற்றி அரசுக்கு எடுத்துச் சொல்லும் மன்றங்கள். 2019 நவம்பரில் 452 இடங்களுக்குத் தேர்தல் நடந்தபோது 71 சதவீதத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். ஜனநாயக ஆதரவு அணி 18-இல் 17 மன்றங்களைக் கைப்பற்றியது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. மொத்தமுள்ள 470 இடங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது வெறும் 88 என்றானது. மன்றத்துக்குத் தலைமை வகிப்பவர் அரசு அதிகாரி. அந்த ஆண்டு டிசம்பரில் வாக்களிக்க வந்தவர்கள் 27.5 சதவீதம்.

2025 நவம்பர் 26-ஆம் தேதி, ஹாங்காங்கின் தாய்போ மாவட்டத்தில் வாங் ஃபுக் கோர்ட் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீ, எட்டுக் கட்டடங்களில் ஏழை எரித்தது. 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீரமைப்புப் பணிக்காகக் கட்டடங்களைச் சுற்றி மூங்கில் சாரமும் வலையும் கட்டியிருந்தார்கள். அந்த வலை எளிதில் தீப்பிடிக்குமோ என்று குடியிருப்பாளர்கள் ஓராண்டுக்கு முன்பே அதிகாரிகளிடம் கேட்டிருந்தனர். கேள்வி கோப்பில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மன்றத்தைக் கலக்கக்கூடிய எதிர்க்கட்சி உறுப்பினர் இருக்கவில்லை. நாந்தேடின் கிணற்றுக்கும் தாய்போவின் வலைக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால், இரண்டு ஊரிலும் காலியாக இருந்தது ஒரே நாற்காலி.

வேறுபாடு இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. ஹாங்காங்கில் சட்டத்தைத் திருத்தி மக்களின் இடத்தைப் பறித்தார்கள். இந்தியாவில் சட்டம் மக்களின் பக்கம் நிற்கிறது. ராஜீவ் காந்தி கொண்டுவந்த உள்ளாட்சி மசோதாக்கள் 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் தோற்று, நரசிம்ம ராவ் ஆட்சியில் 1992 டிசம்பரில் நிறைவேறி, 74-ஆவது திருத்தமாக 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தன. நகராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுகள்தான், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை, அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்தாக வேண்டும் என்கிறது 243-உ பிரிவு. இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். 2006-இல் ஆமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்தியது. அப்படியிருந்தும் புணேயில் எப்படி நடந்தது?

2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உள்ளாட்சிகளில் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான இடஒதுக்கீட்டுக்கு மூன்று நிபந்தனைகளை விதித்தது. தனி ஆணையம், உள்ளாட்சிவாரியான புள்ளிவிவரம், மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டாமை. மகாராஷ்டிர அரசிடம் புள்ளிவிவரம் தயாராக இல்லை. இடஒதுக்கீடு இல்லாமல் தேர்தல் நடத்த எந்தக் கட்சிக்கும் துணிவில்லை; பிற்படுத்தப்பட்டோரின் கோரிக்கை நியாயமானது என்பதிலும் ஐயமில்லை. ஆனால், அந்த நியாயத்தின் நிழலில் மற்றவையும் நடந்தன. உத்தவ் தாக்கரே ஆட்சி, வார்டுகளை வரையும் அதிகாரத்தை 2022 மார்ச்சில் மாநிலத் தேர்தல் ஆணையத்திடமிருந்து அரசுக்கு மாற்றியது. புணேக்கு 58 வார்டுகள், 173 உறுப்பினர்கள் என்று கணக்கு மாறியது. ஜூன் மாதம் ஏக்நாத் ஷிண்டே வந்தார். பழைய கணக்கே போதும் என்றார். அதை எதிர்த்து வழக்கு. ஆகஸ்டில் "இப்போதுள்ள நிலையே தொடரட்டும்" என்றது உச்ச நீதிமன்றம். அந்த உத்தரவின் மீது மூன்று ஆண்டுகள் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தேர்தலைத் தள்ளிப்போட அரசுகள் விரும்பியிருக்கலாம். அதற்கான திரை நீதிமன்றத்திலிருந்தே கிடைத்தது என்பதுதான் வேதனை. 2025 மே 6-இல் அதே நீதிமன்றம், 2022-க்கு முன்பிருந்த ஒதுக்கீட்டு முறையிலேயே நான்கு மாதத்தில் தேர்தலை முடியுங்கள் என்று ஆணையிட்டது. அதற்கும் அவகாசம் கேட்டு, 2026 ஜனவரி 31 என்று இறுதிக் கெடு விதிக்கப்பட்டது. 2025-இல் சொல்ல முடிந்ததை 2022-இல் சொல்லியிருக்க முடியாதா?

இதே காலத்தில் தில்லியிலும் புணேக்குக் குரல் இல்லாமல் போனதைப் பலர் மறந்திருப்பார்கள். புணே மக்களவை உறுப்பினர் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29-இல் காலமானார். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். தேர்தல் ஆணையமோ, மற்ற தேர்தல்களுக்கான பணி இருப்பதாகவும், வெற்றி பெறுபவருக்குக் கிடைக்கும் காலம் குறைவு என்றும் காரணம் சொன்னது. அந்தக் காரணத்தை ஏற்காத மும்பை உயர் நீதிமன்றம் டிசம்பரில் உடனே தேர்தல் நடத்த உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2024 ஜூன் வரை, பதினான்கு மாதங்களுக்கும் மேலாக, புணே நகரவாசிக்கு மாமன்றத்திலும் ஆளில்லை, நாடாளுமன்றத்திலும் ஆளில்லை. புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டதும், மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியதும் அந்த இடைவெளியில்தான்.

தேர்தல் இல்லாவிட்டால் என்ன, மக்களிடம் கருத்துக் கேட்கலாமே என்பது அடுத்த வாதம். இதிலும் சீனாவிடம் ஓர் உதாரணம் உண்டு. அதுவும் மதிக்கத்தக்க உதாரணம். செஜியாங் மாகாணம் வென்லிங் நகரைச் சேர்ந்த செகுவோ என்னும் பேரூரில் 2005-இல், குலுக்கல் முறையில் 275 பேரைத் தேர்ந்தெடுத்து, முப்பது உள்கட்டமைப்புத் திட்டங்களை அவர்கள் முன் வைத்தார்கள். இருக்கும் பணத்துக்கு எது முதலில் என்று ஒரு நாள் முழுக்க விவாதித்துச் சொல்லச் சொன்னார்கள். அதிகாரிகள் மனதில் வைத்திருந்த பகட்டான திட்டங்களைத் தள்ளிவிட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்றவற்றுக்கு மக்கள் முன்னுரிமை தந்தனர். நகர நிர்வாகமும் ஏற்றுக்கொண்டது. வாய்ப்புக் கொடுத்தால் சாமானியர்கள் எவ்வளவு தெளிவாக முடிவெடுப்பார்கள் என்பதற்கு அது சான்று. புணேயும் 2006 முதல் வரவு - செலவுத் திட்டத்துக்கு மக்களிடம் யோசனை கேட்டுவருகிறது. இந்திய நகரங்களில் இது முன்னோடி முயற்சி. ஆனால், இரண்டுக்கும் ஒரே பலவீனம். மேலே இருப்பவர் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. சீனாவின் கிராமக் குழுத் தேர்தல்களுக்கு நேர்ந்ததும் அதுதான். 1998-இல் நிரந்தரச் சட்டமாகி உலகமே வியந்து பார்த்த அந்தத் தேர்தல்கள், கட்சிச் செயலரே கிராமக் குழுத் தலைவராகவும் இருப்பது என்கிற கொள்கையால் இன்று கட்சிக்குள் கரைந்துவிட்டன. கொடுத்த கை எடுத்துக்கொண்டபோது கேட்பதற்கு வழியில்லை.

சீன மொழி பேசும் இன்னொரு சமூகம் வேறு வழியில் நடந்தது. தைவான் தலைநகர் தைபேயின் மேயர் பதவியை 1964-இல் ஆளுங்கட்சியைச் சேராத ஒருவர் வென்றார். 1967-இல் தைபே சிறப்பு மாநகரமாகத் தரம் உயர்த்தப்பட்டது. மேயரை இனி மத்திய அரசு நியமிக்கும் என்றானது. 1979-இல் காவ்சியுங் நகருக்கும் அதே "உயர்வு". ஊரைப் பெரிதாக்கி வாக்கைப் பறிக்கும் இந்த வித்தை, 23 கிராமத்து மக்களுக்குப் பரிச்சயமானதாகவே தோன்றும். ராணுவச் சட்டம் நீங்கி, போராட்டங்கள் பல கடந்து, 1994 டிசம்பரில்தான் தைபேவாசிகள் தங்கள் மேயரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 27 ஆண்டுகள்!

சர்வாதிகாரத்தில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று தமிழக வாசகர் பெருமூச்சு விட வேண்டாம். 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு மறு தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். 23 ஆண்டுகள்! தைபேயில் மேயரைத்தான் நியமித்தார்கள், நகர மன்றத்துக்குத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. சென்னையில் இரண்டும் இல்லை. அப்போது 74-ஆவது திருத்தம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். 2016 அக்டோபரில் பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாக இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்த பிறகு, 2022 பிப்ரவரி வரை சென்னை தனி அதிகாரியின் கீழ் இருந்ததே, அதற்கு என்ன சமாதானம்? கொவைட் பெருந்தொற்றையும் 2021 நவம்பர் வெள்ளத்தையும் மாமன்றம் இல்லாமலேதான் சென்னை கடந்தது. 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தபோதும், தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்களே வந்தார்கள். 1973-இல் தி.மு.க., 2016-இல் அ.தி.மு.க., 2025-இல் மீண்டும் தி.மு.க. மகாராஷ்டிரத்தில் தாக்கரே, ஷிண்டே, ஃபட்னவீஸ். உள்ளாட்சித் தேர்தலை ஒத்திப்போடுவதில் மட்டும் இந்த நாட்டில் கட்சி வேறுபாடு கிடையாது.

243-உ பிரிவை மீறும் மாநில அரசுக்குத் தண்டனை என்று எதுவும் அரசியல் சட்டத்தில் எழுதப்படவில்லை. நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்படுவது உண்டு. அந்த அடி விழுவது ஊர் மக்களின் தலையில். மாமன்றத்தின் பதவிக்காலம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே வார்டு எல்லைகளும் ஒதுக்கீட்டுப் பட்டியலும் இறுதியாகிவிட வேண்டும், ஆகாவிட்டால் பழைய எல்லைகளிலேயே தேர்தல் நடக்கும் என்று நாடாளுமன்றம் ஒரு வரியைச் சேர்க்கலாம். வார்டுகளை வரையும் பொறுப்பைப் போட்டியிடப்போகும் கட்சிகளின் அரசிடமிருந்து எடுத்து, மாநிலத் தேர்தல் ஆணையத்திடமே திரும்பத் தரலாம். நிர்வாகியின் ஆட்சிக்கு ஆறு மாதம் என்று உச்சவரம்பு வைக்கலாம். 1989-இல் தோற்று 1992-இல் வென்ற மசோதாவைவிட இது சிறிய வேலைதான்.

புணேயின் புதிய மாமன்றத்தில் நாந்தேடுக்கும் கிர்கட்வாடிக்கும் இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எப்போது என்று அவர்கள் கேட்கலாம்; பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்கலாம். அவர்களின் பதவிக்காலம் 2031-இன் தொடக்க மாதங்களில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்கான வார்டுப் பணி 2030-இலேயே தொடங்கியாக வேண்டும்.